ஆடிட் அன்றைக்கு மட்டும் பூட்டு

போன திங்கட்கிழமை காலையில் கௌசல்யா போன் செய்தாள். நான் ஓய்வுபெற்று மூன்று வருடம் ஆகிறது. ஆம்பூருக்கு வெளியே இருக்கிற அந்த ஷூ ஃபேக்டரியில், சிஸ்டம்ஸ் பிரிவில், என் நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். சுகர் எப்படி இருக்கிறது, நடக்கப் போகிறீர்களா என்றெல்லாம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"சார், நாளான்னிக்கு பையர் ஆடிட் வர்றாங்க. அந்த ஆடிட் ஃபைலை எங்க சார் வெச்சிருந்தீங்க? பழைய லேப்டாப் ஃபுல்லா தேடிட்டேன், கெடைக்கல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். மூன்று வருடம் கழித்தும் அந்த ஃபைலைத் தேடுகிறார்கள் என்றால் நான் பட்டதெல்லாம் எதற்கு?

பையர் ஆடிட் என்றால், எங்கள் ஷூவை வாங்குகிற கம்பெனி ஆள் அனுப்பி ஃபேக்டரியைச் சோதிப்பது. ஆடிட் ஃபைல் என்றால் ஏதோ கணக்கு வழக்கு என்று நினைத்துவிடக் கூடாது. வைஃபை கொடுக்கிற வெள்ளைப் பெட்டி ஒன்று கூரையில் தொங்குமே, ஆக்சஸ் பாயின்ட் என்பார்கள், அதன் செட்டிங் மொத்தத்தையும் ஒரு சின்ன ஃபைலாகச் சேமித்து வைக்கலாம். வேண்டும்போது அதைத் திரும்ப ஏற்றினால் பெட்டி ஒருமுறை அணைந்து எழுந்து, நாலு நிமிஷத்தில் அந்த ஃபைல் சொன்னபடி நடக்கும். பெட்டி பழுதானால் உதவட்டும் என்று வைத்த வசதி அது. எங்கள் ஃபேக்டரியில் அப்படி இரண்டு ஃபைல் இருந்தது. ஒன்றுக்கு 'ஆடிட்' என்று பெயர், மற்றதற்கு 'டெய்லி' என்று பெயர். இரண்டையும் செய்தவன் நான்தான்.

நான் படித்தது ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன். இன்டர்காம் ஒயர் இழுக்கிறவனாகத்தான் உள்ளே போனேன். கம்ப்யூட்டர் வந்தபோது அதற்குக் கேபிள் இழுத்தேன். கேபிள் தெரிந்தவனுக்குக் கம்ப்யூட்டரும் தெரியும் என்று அவர்களாகவே முடிவு கட்டி, என்னை சிஸ்டம்ஸ் ஆக்கிவிட்டார்கள். வைஃபை வந்த வருடம் சென்னைக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நான் முறையாகக் கற்றுக்கொண்டது அந்த இரண்டு நாளில்தான். இன்று வரை ஒரு வரி மறக்கவில்லை.

பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலை, அதன் அடியில் அச்சடித்திருக்கிற பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றுவது. அது ஊருக்கெல்லாம் தெரிந்த பாஸ்வேர்ட். அடுத்து நெட்வொர்க்குக்குப் பெயர் வைப்பது; அதில் கம்பெனி பெயர் தெரியக் கூடாது. பிறகுதான் குறியாக்கம், அதாவது காற்றில் போகிற தகவலை வேறு யாரும் படிக்க முடியாதபடி மாற்றுவது. திரையில் ஒரு பட்டியல் வரும். 'வெப்' (WEP) என்று பழைய முறை ஒன்று இருக்கும்; அதைத் தொடவே கூடாது. டபிள்யூபிஏ-2 என்பதைத் தேர்ந்தெடுத்து, யாரும் ஊகிக்க முடியாத நீளத்தில் பாஸ்வேர்ட் கொடுக்க வேண்டும். ஒரு பட்டனை அமுக்கினாலே யாரையும் உள்ளே சேர்த்துக்கொள்கிற வசதி ஒன்று உண்டு, அதை அணைக்க வேண்டும். வெளியிலிருந்து பெட்டியை இயக்குகிற வசதியையும் அணைக்க வேண்டும். கடைசியாகப் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, கவரில் ஒட்டி, லாக்கரில் வைக்க வேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேர வேலை. முதல் தடவை செய்து முடித்த அன்றைக்குப் புது வீட்டுக்குக் கதவு மாட்டினவன் மாதிரி இருந்தது எனக்கு.

அந்தக் கதவை ஒரு வருடத்தில் என் கையாலேயே கழற்ற வைத்தார்கள்.

பக்கத்தில் ஒரு யூனிட் மூடிவிட்டார்கள். அங்கிருந்து எங்கள் ஜி.எம். கட்டிங் ஹாலுக்காகப் பழைய கை ஸ்கேனர்களை மொத்தமாக வாங்கி வந்தார். வெட்டிய தோல் கட்டுகளில் ஒட்டியிருக்கிற சீட்டைப் படித்து, எண்ணிக்கையை வைஃபை வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிற கருவி அது. வேலை நன்றாகத்தான் செய்தது. ஆனால் அதற்குத் தெரிந்தது அந்தப் பழைய 'வெப்' ஒன்றுதான். புதுப் பூட்டைப் போட்டால் ஸ்கேனர் உள்ளேயே வராது. 'வெப்' பூட்டை உடைக்கிற ப்ரோகிராம் இலவசமாகக் கிடைக்கும். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் திறந்துவிடலாம். பயிற்சியில் கண் முன்னால் செய்து காட்டினார்கள்.

நான் ஜி.எம்மிடம் போய்ச் சொன்னேன். அவர் பெயர் பாஸ்கரன். அவர் குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. உட்காரச் சொல்லுவார், டீ வரவழைப்பார், பேச்சுக்குப் பேச்சு ப்ளீஸ் போடுவார். பேனாவை எப்போதும் கையில் வைத்திருப்பார், ஆனால் அதால் எதையும் எழுத மாட்டார். எந்த உத்தரவும் அவர் வாயிலிருந்து மட்டும்தான் வரும். ஸ்கேனர்களுக்கு ஒரு நெட்வொர்க், டிசைன் கம்ப்யூட்டர்களுக்கு வேறு நெட்வொர்க் என்று பிரிக்கலாம், அதற்கு இன்னொரு கருவி வேண்டும் என்றேன். பார்க்கலாம் என்றார். அதுவரைக்கும் எல்லாவற்றையும் பழைய முறைக்கே இறக்கிவிடுங்கள், எனக்காக, ப்ளீஸ் என்றார். எழுதிக் கொடுங்கள் சார் என்று கேட்டேன். "நமக்குள்ள எதுக்கு, மணி, எழுத்தெல்லாம்?" என்று சிரித்தார். நானும் கூடவே சிரித்துவிட்டு வந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னை அறையலாம் போலிருக்கும்.

அந்த 'வெப்' பாஸ்வேர்ட் பத்தே எழுத்து. மிஷின் ரிப்பேர் செய்ய வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள் என்று கட்டிங் ஹாலில் யாரோ அதை, அன்றைய இலக்கு எழுதுகிற டார்கெட் போர்டின் மூலையில் சாக்பீஸால் எழுதிவிட்டார்கள். நான் அழித்தேன், மறுநாள் திரும்ப எழுதினார்கள். லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர்கள் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து எங்கள் வைஃபையில் படம் பார்த்தார்கள்.

இத்தனைக்கும் அதே கட்டடத்தில் மாடியில், ஸ்டிச்சிங் ஹாலில், ஊசி ரிஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்தால் லேசில் புது ஊசி தர மாட்டார்கள். உடைந்த துண்டுகள் அத்தனையும் கிடைக்க வேண்டும். அவற்றை ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, மிஷின் நம்பரும் நேரமும் எழுதி, தைத்தவளும் சூப்பர்வைசரும் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஊசி. ஒரு முனை காணவில்லை என்றால் அந்த நேரத்தில் தைத்ததை எல்லாம் ஒதுக்கிவைத்து மெட்டல் டிடெக்டரில் விடுவார்கள். எங்கோ ஒரு நாட்டில் ஷூ போடுகிற காலில் குத்திவிடக் கூடாது என்பதற்காகப் பெண்கள் தரையில் மண்டியிட்டு ஊசி முனை தேடுவதை நான் பார்த்திருக்கிறேன். கூலிக்குத் தைக்கிறவளிடம் ஊசி முனைக்கு இவ்வளவு கண்டிப்பு. பாஸ்வேர்ட் மட்டும் போர்டில் சாக்பீஸில் கிடந்தது.

ஆடிட் வரும் நாளில் எல்லாம் தலைகீழாகும். கேட்டில் பூந்தொட்டி வரும், எல்லோர் முகத்திலும் மாஸ்க் வரும், முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சும் மருந்தும் வரும். நான் என் பங்குக்குக் காலையில் 'ஆடிட்' ஃபைலை ஏற்றுவேன். வைஃபைக்குப் பூட்டு விழும், ஸ்கேனர்கள் சாகும். அன்று மட்டும் கட்டுகளின் எண்ணிக்கையைக் கையால் கார்டில் எழுதுவார்கள். அதனால் கட்டிங் ஹாலில் அதற்குக் கார்டு நாள் என்றே பெயர். ஆடிட்டர் வந்து திரையைப் பார்ப்பார், டபிள்யூபிஏ-2 என்று இருக்கும், தலையாட்டுவார். செக்லிஸ்டில் ஒரு வரி இருக்கும்: கம்பியில்லா நெட்வொர்க் எப்போதும் குறியாக்கப் பாதுகாப்புடன் இயங்குகிறது. அதற்கு எதிரில் டிக் அடித்து நான் கையெழுத்துப் போடுவேன். அவருடைய கார் கேட்டைத் தாண்டியதும் 'டெய்லி' ஃபைலை ஏற்றுவேன். இப்படிப் பதினோரு ஆடிட்.

எஸ்தர் பேட்டர்ன் ரூமில் இருந்தாள். மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். ஷூவின் மேல்பாகத்துக்கான தோலை எப்படி வெட்டுவது என்று கம்ப்யூட்டரில் வரைகிற வேலை அவளுடையது. அதிகம் பேச மாட்டாள். பேசினால் சுற்றி வளைக்காமல் கேட்பாள்.

நான் ஓய்வுபெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, அடுத்த சீசனுக்கென்று அவள் வரைந்த ஒரு பூட்ஸ் டிசைன், அச்சு அசலாக வேறொரு கம்பெனியின் சாம்பிளாக எங்கள் பையர் மேஜையிலேயே போய் உட்கார்ந்தது. ஜி.எம். சர்வர் பதிவைக் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். ஒரு மதிய சாப்பாட்டு நேரத்தில் எஸ்தரின் பயனர் பெயரில் யாரோ நுழைந்து அந்த ஃபைலைக் காப்பி எடுத்திருந்தார்கள். அந்த நேரத்தில் அவள் கேன்டீனில் இருந்ததாகச் சொன்னாள். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சஸ்பெண்ட் செய்து சார்ஜ் மெமோ கொடுத்தார்கள்.

என்னை நோகடித்தது அந்த மெமோவில் இருந்த காரணம். எங்கள் வைஃபை எப்போதும் பூட்டியிருக்கிறது, ஆகவே வெளியாள் நுழைய முடியாது, ஆகவே அவள் பாஸ்வேர்டைத் திருடியிருக்கவும் முடியாது, ஆகவே எடுத்தது எஸ்தர்தான். எப்போதும் பூட்டியிருக்கிறது என்பதற்கு ஆதாரமாக என் கையெழுத்துப் போட்ட செக்லிஸ்டை இணைத்திருந்தார்கள். அவள் பாஸ்வேர்ட் வருடக்கணக்காகத் திறந்த காற்றில் போய்க்கொண்டிருந்தது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். ஒருவர் ஜி.எம்., இன்னொருவன் நான். டிசைன் திருடினாள் என்று வேலை போனால் ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் ஒரு யூனிட்டிலும் அவளைப் பேட்டர்ன் மேஜைப் பக்கம் விட மாட்டார்கள். அவளுக்குத் தெரிந்த தொழிலோ அது ஒன்றுதான்.

விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேலூரிலிருந்து ஒரு வக்கீலை நிர்வாகமே அமர்த்தியது. கான்ஃபரன்ஸ் ரூமில், சாம்பிள் ஷூக்கள் வைத்த கண்ணாடி அலமாரிக்கு எதிரே, காலை பதினோரு மணிக்கு உட்கார்ந்தோம். நான் நிர்வாகத் தரப்பு சாட்சி. இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். எஸ்தருக்காகப் பேச யாரும் இல்லை. குறுக்கு விசாரணையை அவளே செய்தாள். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"சார், என் பேர்ல ஃபைல் எடுத்ததா சொல்ற அன்னிக்கு, கட்டிங்ல ஸ்கேனர் ஓடிச்சா?"

கட்டிங் ரிப்போர்ட் அவள் மேஜைக்கும் வரும். எந்த நாளில் கார்டு, எந்த நாளில் ஸ்கேனர் என்று அவள் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். ஸ்கேனர் ஓடினால் பூட்டு இல்லை என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

"ஓடிச்சு" என்றேன்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டேன். வக்கீல் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை, எழுதிக்கொண்டார். ஜி.எம். பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். மீதியை நான் சொல்வேன் என்று எஸ்தர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடி அலமாரியில் இருந்த ஷூக்களைப் பார்த்தேன். வேறு கேள்வி இல்லை என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். என் வாழ்க்கையில் நான் செய்த மட்டமான காரியம் அதுதான். உண்மையைச் சொல்லியே ஒருத்தியைக் கைவிட்டேன்.

அடுத்த அமர்வுக்கு மூன்று நாள் இருந்தது. மறுநாளே ஜி.எம்மிடம் போனேன். டீ வந்தது. இப்படியே விட்டால் தப்பு சார், ஸ்கேனர் விஷயத்தை விளக்கிவிடுகிறேன் என்றேன். "நீங்க சொல்றது டெக்னிக்கல், மணி. விசாரணை டெக்னிக்கல் இல்ல. கையெழுத்து உங்களோடது, அதையும் கொஞ்சம் யோசிங்க, ப்ளீஸ்" என்றார். அந்த ப்ளீஸில் இருந்த மிரட்டல் எனக்கு நன்றாகப் புரிந்தது. ரிட்டையராக இரண்டு வருடம் இருக்கிறவனிடம் எப்படிப் பேச வேண்டுமோ அப்படிப் பேசினார்.

மூன்றாம் நாள் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன். திறப்பேனா என்று எனக்கே தெரியாது. உன் தரப்பில் சாட்சி யாராவது இருக்கிறார்களா என்று வக்கீல் எஸ்தரைக் கேட்டார்.

"இருக்காரு சார். அவரேதான்" என்று என்னைக் காட்டினாள்.

ஜி.எம். லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னை எழுப்பியது என்று நினைக்கிறேன். நான் லேப்டாப்பைத் திறந்தேன். இதில் இரண்டு ஃபைல் இருக்கிறது, இப்போது ஓடிக்கொண்டிருப்பது டெய்லி, இதோ ஆடிட்டை ஏற்றுகிறேன் என்று வக்கீலுக்குத் திரையைக் காட்டிவிட்டு, ஃபேக்டரியில் இருந்த மூன்று பெட்டிகளுக்கும் ஒரே சமயத்தில் ஏற்றினேன். கூரையில் இருந்த பெட்டியின் விளக்கு அணைந்தது. இதனால் என்ன தெரிகிறது என்றார் வக்கீல். நான் வெப், குறியாக்கம் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. ஜி.எம். மணிக்கட்டைத் திருப்பி வாட்சைப் பார்த்தார். விளக்கு ஆரஞ்சாகி, பச்சையானது.

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு கட்டிங் சூப்பர்வைசர் ஜாஃபர் பாய் உள்ளே வந்தார். வேர்த்து வழிந்திருந்தது. அவருக்கு அங்கே நடப்பது எதுவும் தெரியாது.

"இன்னா மணி சார், ஸ்கேனர் மொத்தமும் படுத்துடுச்சு. ஒரே பேஜாரா கீது. இன்னிக்கு ஆடிட்டா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கார்டு எடுக்கச் சொல்லிடவா?"

வக்கீல் நிமிர்ந்தார். ஆடிட்டுக்கும் ஸ்கேனருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்.

"ஆடிட் அன்னிக்கு ஸ்கேனர் ஓடாது சார். அவங்க போய்ட்டா ஓடும். வருஷக்கணக்கா அப்டித்தான்" என்றார் ஜாஃபர் பாய்.

ஜி.எம். கையில் இருந்த பேனா நின்றது. எஸ்தர் எழுந்து, "அதை எழுதிக்கங்க சார்" என்றாள். வக்கீல் எழுதினார். அந்தக் கையெழுத்து பொய், பதினோரு தடவையும் பொய் என்று நானும் சொன்னேன். அதையும் எழுதினார். இரண்டு ஃபைலையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அது எஸ்தர் தரப்பு முதல் ஆதாரம் என்று பதிவாயிற்று.

நியாயம் ஜெயித்தது என்று இங்கே முடித்தால் நான் மறுபடியும் பொய்க் கையெழுத்துப் போட்டவனாவேன். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றுதான் தீர்ப்பு வந்தது. அவள் செய்யவில்லை என்று ஒருவரும் எழுதவில்லை. திரும்ப வந்தவளைப் பேட்டர்ன் ரூமில் விடாமல் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி மடிக்க உட்கார வைத்தார்கள். ஒரு வாரம் மடித்தாள், எட்டாம் நாள் வரவில்லை. இப்போது ராணிப்பேட்டை பக்கம் ஒரு யூனிட்டில் பேட்டர்ன்தான் போடுகிறாள். அந்த வேலை கிடைக்க அவள் எத்தனை இடத்தில் அந்தத் தீர்ப்பின் நகலை நீட்டி விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகம் இல்லை.

எனக்கும் மெமோ வந்தது. ஆடிட்டருக்குப் பொய்யான உறுதி கொடுத்து நிர்வாகத்தை ஏமாற்றினேனாம். பதினோரு தடவை பொய் சொன்னபோது டீ கொடுத்தவர்கள், அது பொய் என்று ஒரு தடவை சொன்னதும் மெமோ கொடுத்தார்கள். கடைசி இரண்டு வருடம் ஜெனரேட்டர் ரூமில் டீசல் அளந்தேன். டிசைனை உண்மையில் எடுத்தது யார் என்று இன்று வரை யாரும் தேடவில்லை. ஊசி முனை காணவில்லை என்றால் மண்டியிட்டுத் தேட வைக்கிற ஃபேக்டரி அது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே சாயங்காலம் கௌசல்யாவைத் திரும்பக் கூப்பிட்டேன். அந்தப் பழைய ஸ்கேனர் இன்னுமா இருக்கிறது என்று கேட்டேன். இல்லையாம். போன வருடமே எல்லாம் புதுசு, எந்தப் பூட்டு போட்டாலும் ஓடுமாம்.

"அப்புறம் இன்னாத்துக்கும்மா ரெண்டு ஃபைல்?"

"கெஸ்ட் வந்தா, மெக்கானிக் வந்தா பாஸ்வேர்ட் கேட்டு லேட்டாவுதாம் சார். ஆடிட் அன்னிக்கு மட்டும் மாத்திக்கோன்னு ஜி.எம். சொன்னாரு."

"எழுதிக் கொடுத்தாரா?"

"இல்ல சார். வாயாலதான்" என்றாள்.

ஆடிட் ஃபைல் லேப்டாப்பில் இருக்காது, விசாரணைக்குப் பிறகு அழித்துவிட்டேன், எச்.ஆர். அலமாரியில் எஸ்தரின் விசாரணைக் கட்டில் முதல் ஆதாரமாக இருக்கிறது, எடுக்கப் போகும்போது கட்டு முழுவதையும் படித்துவிட்டு எடு என்றேன். வேறு ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. சொல்கிற யோக்கியதை எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

புதன்கிழமை மதியம் அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. அதே செக்லிஸ்ட்தான், அதே வரிதான். எப்போதும் குறியாக்கப் பாதுகாப்புடன் இயங்குகிறது என்பதில் 'எப்போதும்' என்ற சொல்லை ஒரு கோடு போட்டு அடித்திருந்தாள். அதற்கு மேலே நீல மையில் 'இன்று மட்டும்' என்று எழுதி, அடியில் முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டிருந்தாள். பக்கத்திலேயே ஆடிட்டரின் கையெழுத்தும் இருந்தது.

வேலை இருக்கிறதா போயிற்றா என்று கேட்டுப் பதில் போட்டேன். இன்னும் பதில் வரவில்லை. அந்தப் போட்டோவை எஸ்தருக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இரண்டே இரண்டு சொல். பதினோரு தடவை அந்தத் தாள் என் முன்னால் வந்தது, பதினோரு தடவையும் பேனா என் கையில்தான் இருந்தது.